பேசுவதும் பேசவைப்பதும்

2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் புதுக்கோட்டையில் மாணவர்களுக்காக ஒரு கவிதைப் போட்டி நடந்தது. பரிசு கொடுக்க வேண்டிய மூவரில் ஒருவனாக என்னையும் உட்கார வைத்தார்கள். நாவல் எழுதுகிறவனுக்குக் கவிதையைப்பற்றி என்ன தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் அந்தக் கேள்வியை எழுப்பிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை. நிலவில் உறங்கிப்போன பிரக்யான் ஊர்திதான் பொருள். அறுபதுக்குமேல் கவிதைகள் வந்திருந்தன. எதிலும் பெயர் கிடையாது; வரிசை எண் மட்டும்.

முதல் பத்தைப் படித்தபோது எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. இருபதாவதில் கொட்டாவி வந்தது. முப்பதாவதில் கோபம் வந்துவிட்டது. காரணம், எல்லாவற்றிலும் அந்த யந்திரம் பேசியது. “அம்மா, குளிருகிறதே” என்றது. “என்னைத் தனியே விட்டுவிட்டீர்களே” என்றது. “விக்ரம் அண்ணா, விழித்திருக்கிறாயா?” என்று லாந்தரைக் கூப்பிட்டது. ஒரு கவிதையில் கண்ணீர் வடித்து, அந்தக் கண்ணீர் உறைந்தும் போயிற்று. தமிழ்நாட்டில் இத்தனை பிள்ளைகளுக்கு இரக்க மனம் இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியவன் ஏன் எரிச்சல்பட்டேன் என்று எனக்கே அப்போது புரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த எரிச்சலை விசாரிப்பதற்காக எழுதப்படுவது. விசாரணையின் முடிவில் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது அந்தப் பிள்ளைகள் அல்ல என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி மாலை 6 மணி 4 நிமிஷத்துக்குச் சந்திரயான்-3இன் லாந்தர் விக்ரம் நிலவின் தென்பகுதியில் இறங்கிற்று. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். சந்திரயான் ஒத்திகைகளுக்கு வேண்டிய நிலவு மண்ணைப் போன்ற மண்ணுக்கு நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறை உதவிற்று. ஆகவே நம்மவர் கொஞ்சம் உரிமையோடு பெருமைப்பட்டதில் தவறில்லை. விக்ரமின் வயிற்றிலிருந்து இறங்கிய ஆறு சக்கர ஊர்திதான் பிரக்யான். எடை 26 கிலோ. வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். நம் வீட்டு முற்றத்துப் பிள்ளைப்பூச்சிகூட அதை முந்திவிடும். அந்த நடையில் நூறு மீட்டருக்குச் சற்று அதிகமாகப் போயிற்று. மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டு சொல்லிற்று.

நிலவில் ஒரு பகல் நமக்குப் பதினான்கு நாள். இரவும் அப்படியே. யந்திரத்தின் உணவு வெயில். ஆகவே அதற்கு விதிக்கப்பட்ட ஆயுள் ஒரு பகல்தான். செப்டம்பர் 2-ஆம் தேதி பிரக்யானையும், 4-ஆம் தேதி விக்ரமையும் உறங்க வைத்தார்கள். உறங்க வைத்தார்கள் என்றால் என்ன? கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். பிரக்யானின் பாட்டரியை நிறைய வைத்தார்கள். செப்டம்பர் 22-ஆம் தேதி சூரியன் மறுபடி உதிக்கும்போது முதல் வெயில் விழும்படியாக அதன் பலகையைத் திருப்பி வைத்தார்கள். கட்டளை கேட்கும் வாங்கியை மட்டும் அணைக்காமல் விட்டார்கள். விழித்தால் வேலை செய்யட்டும், இல்லையேல் இந்தியாவின் தூதுவனாக அங்கேயே இருக்கட்டும் என்று இஸ்ரோ அறிவித்தது. இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருநூறு பாகையை நெருங்கும் இடம் அது. அந்த இரவைத் தாங்கும்படி அவை கட்டப்படவில்லை. 22-ஆம் தேதி கூப்பிட்டார்கள். பதில் இல்லை. பிறகும் கூப்பிட்டார்கள். இல்லை.

இவ்வளவுதான் விஷயம். இதில் அழுகை எங்கே இருக்கிறது? யந்திரத்தில் இல்லை என்பது நிச்சயம். விக்ரமில் ஒரு கருவி இருந்தது. மண்ணுக்குள் பத்து சென்டிமீட்டர்வரை இறங்கி உஷ்ணத்தை அளப்பது. மேலே கொதிக்கும் மண், ஒரு சாண் போவதற்குள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது என்று அது கண்டு சொல்லிற்று. ஆக, குளிரை அளக்கத் தெரிந்த யந்திரம். குளிரத் தெரியாத யந்திரம். குளிர்ந்தது பெங்களூரில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. காத்திருந்ததும் அவர்கள்தாம்.

இந்தத் தவறை நம் பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. உலகம் முழுவதும் அழுத அழுகை ஒன்று இதற்கு முன்னோடியாக இருக்கிறது. செவ்வாயில் 2004 ஜனவரியில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி என்ற ஊர்திக்கு 90 நாள் ஆயுள் என்றார்கள். பதினான்கு வருஷத்துக்குமேல் வேலை செய்து, 45 கிலோமீட்டர் ஓடிற்று. 2018 ஜூனில் கிரகத்தையே மூடிய புழுதிப் புயலில் அதன் சத்தம் அடங்கிற்று. ஜூன் 10-ஆம் தேதி அது கடைசியாக அனுப்பியவை எண்கள். அன்றைய மின்சாரம் 22 வாட்-மணி. வானத்தின் மங்கல் 10.8, அதாவது நண்பகலை நடுநிசியாக்கும் புழுதி. 2019 பிப்ரவரியில் முயற்சியைக் கைவிட்டபோது, விஞ்ஞானிகள் தம்மிடம் சொன்னதை ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் தம் வார்த்தையில் சுருக்கி எழுதினார்: பாட்டரி குறைந்துவிட்டது, இருட்டிக்கொண்டு வருகிறது என்று, அந்த ஊர்தியே சொல்வதுபோல. மறுநாள் அது யந்திரத்தின் மரண வாக்காக உலகைச் சுற்றியது. சட்டைகளில் அச்சிட்டார்கள், உடம்பில் பச்சை குத்திக்கொண்டவர்களும் உண்டு.

அந்த வாக்கியத்தை நான் குறை சொல்லமாட்டேன். வாக்கியம் என்ற அளவில் அது நல்ல வாக்கியம். சின்ன வார்த்தைகள், அலங்காரம் இல்லை. ஆனால் அது ஒரு திருட்டைச் செய்துவிட்டது. 22 என்ற எண்ணையும் 10.8 என்ற எண்ணையும் பார்த்து வயிற்றில் கல் விழுந்ததுபோல் உணர்ந்த மனிதர் யாரோ ஒருவர் இருந்தார். எண் பேசாது, எண்ணைப் படித்தவர்தாம் பயந்தார். அந்தப் பயத்தை அவரிடமிருந்து பிடுங்கி யந்திரத்தின் வாயில் வைத்தபிறகு, அவர் காட்சியிலிருந்தே காணாமல் போய்விட்டார். மனிதன் இருந்த இடத்தில் பொம்மை உட்கார்ந்துகொண்டது. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய நஷ்டமாகப் படுகிறது.

ஆப்பர்ச்சூனிட்டியோடு பிறந்த இன்னொரு ஊர்தி ஸ்பிரிட். அதன் கதையை எடுத்துக்கொண்டால் நான் சொல்வது இன்னும் தெளிவாகும். அது இறங்கிய இடம் செவ்வாயின் தென்பாதி. அங்கே மழைக்காலம் இல்லை. குளிர்காலம்தான் பஞ்ச காலம். சூரியன் வடக்கே சாய்ந்துபோவான். ஆகவே ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னும் அதை ஓட்டியவர்கள் வடக்கே பார்த்த சரிவாகத் தேடிப் பிடித்து நிறுத்தினார்கள். நம் பக்கத்து மானாவாரிக் குடியானவன் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று வரப்பில் நின்று பார்ப்பானே, அந்தக் கணக்கு. இப்படி மூன்று குளிர்காலம் தாண்டிற்று. 2006-இல் முன்பக்கத்து வலது சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டது. அப்புறம் பின்னோக்கியே ஓட்டினார்கள். செத்த சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டே வந்தது. 2007-இல் அந்தக் கீறலுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அநேகமாகக் கலப்பில்லாத சிலிகா. ஒரு காலத்தில் வெந்நீரோ நீராவியோ இருந்த இடம் என்பதற்கு அது சாட்சி. முடமான கால் உழுத சாலில் புதையல்! இதைக் கற்பனையில் எழுதியிருந்தால் ‘ரொம்பச் செயற்கை’ என்று நானே சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன்.

2009-இல் மேலே ஓடுபோல் இறுகிக் கீழே மாவாக இருந்த மண்ணில் அதன் சக்கரங்கள் புதைந்தன. கலிபோர்னியாவில் பாசடேனா என்ற ஊரில் அதேமாதிரி பொடிமண்ணைக் கலந்து கொட்டி, இன்னொரு ஊர்தியை வேண்டுமென்றே அதில் புதைத்து, எப்படி எடுக்கலாம் என்று மாதக்கணக்காகப் பரீட்சை செய்தார்கள். அதற்குள் இன்னொரு சக்கரமும் நின்றது. ஆறில் நாலுதான் பாக்கி. 2010 ஜனவரி 26-ஆம் தேதி, இனி இது நகராது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வேலையை விடவில்லை. குளிர்காலம் வந்துகொண்டிருந்தது. ஊர்தி தெற்கே சாய்ந்து கிடந்தது. வெளியே எடுக்க முடியாவிட்டாலும் சில பாகையாவது வடக்கே சாய்த்துவிட்டால் கொஞ்சம் வெயில் கூடுதலாகக் கிடைக்கும்; அது பிழைக்கப் போதும். இதற்காகத்தான் கடைசிச் சில வாரங்கள். வேண்டிய அளவு சாயவில்லை. மார்ச் 22-ஆம் தேதி கடைசிச் செய்தி வந்தது. வசந்தம் திரும்பிய பிறகும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். 2011 மே 25-ஆம் தேதி கடைசித் தடவையாகக் கூப்பிட்டார்கள்.

சில பாகைச் சாய்வு! ஒரு தட்டைத் துடைத்து வெயிலில் சாய்த்து வைப்பது போன்ற அற்பக் காரியம். அதைச் செய்ய முடியாமல், கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, வெறும் கட்டளைகளால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிப் பார்க்கிறார்கள். இந்தச் சித்திரத்துக்கு முன்னால் “அம்மா, குளிருகிறதே” என்பது எவ்வளவு சின்னதாகிவிடுகிறது! விஷயத்தின் சோகம் போதவில்லை என்று நினைப்பவன்தான் அதற்குக் கண்ணீரைக் கடன் வாங்குகிறான். விஷயம் போதாமல் இல்லை, பார்த்தது போதவில்லை.

போட்டி நடந்த அன்றே என்னோடு இருந்த இன்னொரு நீதிபதியிடம் இதைச் சொன்னேன். ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியை அவர். யந்திரத்துக்கு உணர்ச்சி கிடையாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். ஆனால் அவர் கட்சி வேறாக இருந்தது.

“குழந்தை பொம்மைக்குச் சோறு ஊட்டுது. பொம்மை சாப்பிடாதுன்னு அதுக்குத் தெரியாதா சார்? தெரிஞ்சுதான் ஊட்டுது. அதைப் போய் நீங்க பொய்ன்னு சொல்லுவீங்களா?” என்றார்.

நல்ல கேள்வி. சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. யந்திரத்துக்காக அழுகிறவர்கள் பக்கத்து வீட்டு மனிதனுக்காக அழுகிறார்களா என்று திருப்பிக் கேட்பது பழைய தந்திரம். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரக்கம் என்பது ஓர் இடத்தில் செலவழித்தால் இன்னோர் இடத்தில் குறைந்துபோகும் சில்லறை அல்ல.

அதைவிட, என் கட்சிக்கு எதிராகத் தமிழ் மரபே நிற்கும்போலிருந்தது. சூரியன், நிலவு, கடல், மரம், நெஞ்சம் முதலான பேசாப் பொருள்களிடம், அவை பேசுவன போலவும் கேட்பன போலவும் பேசலாம் என்று தொல்காப்பியர் அனுமதி கொடுத்துவிட்டார். அவர் கொடுத்த அனுமதியை மறுக்க நான் யார்? நிலவோடு பேசலாமென்றால், நிலவில் கிடக்கும் வண்டியோடு பேசக்கூடாதா?

இந்த யோசனையில் இருந்தபோதுதான், நம் புதுக்கோட்டைச் சீமையிலேயே விடை கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. பொன்னமராவதிப் பக்கம் ஒலியமங்கலம் என்று ஓர் ஊர். சங்க காலத்து ஒல்லையூர் அதுதான் என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. அந்த ஊர்த் தலைவனின் மகன் பெருஞ்சாத்தன் போரில் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 242-ஆவதாக இருக்கிறது. ஆறே அடி. அந்த வீரனை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. அந்த நாட்டில் பூத்திருக்கும் முல்லையைப் பார்த்துத்தான் புலவர் பேசுகிறார். உன்னை இனி யார் சூடப்போகிறார்கள் என்பதுபோல, சூடாதவர்களை வரிசையாக எண்ணிவிட்டு, அவன் போனபிறகும் பூத்தாயோ என்று கேட்டு நிறுத்திவிடுகிறார்.

எத்தனையோ தடவை படித்த பாட்டுத்தான். போட்டிக்குப்பின் ஒரு நாள் திருமயம் வழியாகப் பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். முல்லை பதில் சொல்லவில்லை. வாடவில்லை. கண்ணீராகப் பனித்துளி சொரியவில்லை. அது பாட்டுக்குப் பூத்துவிட்டது. அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்தப் பாட்டின் கொடுமை. முல்லையும் சேர்ந்து அழுதிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கீரத்தனார் அந்த ஆறுதலைத் தர மறுத்துவிட்டார். துக்கத்துக்கு ஒரே ஒரு சொந்தக்காரன்தான் உண்டு. அவன் உயிரோடு மிஞ்சியிருப்பவன்.

ஆக, பேசாப் பொருளோடு பேசுவது வேறு. அதைப் பேசவைப்பது வேறு. தொல்காப்பியர் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார், வாஸ்தவம். ஆனால் ‘போல’ என்ற உருபைக் காவல் வைத்துத்தான் கொடுத்திருக்கிறார். பெரிய புலவர்கள் அந்தக் காவலைத் தாண்டுவதற்கு முன் யோசித்திருக்கிறார்கள்.

அன்னவாசலுக்குப் பக்கத்தில் என் மாமா ஒருவருக்குக் கிணறும் பழைய டீசல் என்ஜினும் இருந்தன. காலையில் அதைச் சுற்றிவிடும்போது, “ஏண்டா, நேத்து நல்லாத்தானே ஓடினே? இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு?” என்பார். தட்டிக் கொடுப்பார், வைவார். ஆனால் என்ஜின் தம்மிடம் ஏதாவது சொல்லிற்று என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. காதை வைத்துச் சத்தத்தைக் கேட்பார், அவ்வளவுதான். அவர் பேச்சில் இருந்தது யந்திரத்தின் மனசு அல்ல. காய்ந்துகொண்டிருக்கும் கடலைக்கொல்லையைப்பற்றிய அவருடைய கவலை. பேச்சு அவருடையது என்பதை அவர் மறைக்கவே இல்லை. பொம்மைக்குச் சோறு ஊட்டும் குழந்தையும் அப்படித்தான். ஊட்டுவது தான் என்று அதற்குத் தெரியும். பொம்மை பசியால் அழுவதாகச் சொல்லி நம்மை அழவைக்க அது முயல்வதில்லை. ஆசிரியைக்கு அன்றைக்கே இந்தப் பதிலைச் சொல்லியிருக்கலாம். எனக்கு எப்போதும் பதில் பஸ்ஸில்தான் தோன்றுகிறது.

இனி என்னுடைய குற்றத்துக்கு வருகிறேன்.

முதல் பரிசு பெற்ற கவிதை ஓர் அழுகைக் கவிதை. சந்தம் நன்றாக இருந்தது. எழுதிய மாணவர் மேடையில் உருக்கமாகப் படித்தார். மண்டபத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இத்தனை அபிப்பிராயம் வைத்திருந்த நானும் அதற்குத்தான் அதிக மார்க் போட்டிருந்தேன். சபைக்குப் பிடிக்கும் என்று எனக்கு முன்னமே தெரியும். விமர்சகன் என்று பேர் வைத்துக்கொண்டு சபையின் முகத்தைப் பார்த்து மார்க் போடுகிறவனை என்னவென்று சொல்வது?

அதைவிட மோசம் 37-ஆம் எண். பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும். அதில் ஊர்தி என்ற சொல்லே இல்லை. நீண்ட பயணம் புறப்படும் வீட்டில் ஒரு பெண் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறாள். அடுப்பில் தண்ணீர் தெளிக்கிறாள். கிழக்குச் சன்னலை மட்டும் திறந்து வைக்கிறாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போடாமல் விடுகிறாள், யாராவது கூப்பிட்டால் காது கேட்கட்டும் என்று. அவ்வளவுதான். தலைப்பு மாத்திரம் ‘செப்டம்பர் 2’. யாரும் அழவில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஓரத்தில், “கொடுத்த பொருளில் எழுதப்படவில்லை” என்று குறித்து, பத்துக்கு மூன்று போட்டேன்.

நிரப்பி வைத்த பாட்டரி, கிழக்கே திருப்பிய பலகை, அணைக்காமல் விட்ட வாங்கி. அந்த மூன்றையும் அந்தப் பிள்ளை படித்திருக்கிறது. படித்ததோடு நிற்காமல், அப்படிச் செய்த கைகளைப் பார்த்திருக்கிறது. கொடுத்த பொருளில் எழுதப்பட்ட ஒரே கவிதை அதுதான் என்று பஸ்ஸில் தெரிந்தபோது, விடைத்தாள்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. எண்ணுக்குரிய பெயரும் கிடைக்கவில்லை. புதுக்கோட்டையில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பையனோ பெண்ணோ, தனக்குக் கவிதை வராது என்று முடிவு செய்துகொண்டு நோட்டை மூடியிருக்கலாம். நான் எழுதிய கட்டுரைகளால் தமிழுக்கு நன்மை உண்டானதா என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று மார்க்கால் ஒரு தீமை உண்டாகியிருக்கக்கூடும் என்று மட்டும் தெரியும்.

விக்ரமின் தலையில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில், கிண்ணம்போல, பட்டைக் கண்ணாடிகள் பதித்த ஒரு சின்னப் பொருளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நாசா கொடுத்தது. அதற்குப் பாட்டரி வேண்டாம், வெயில் வேண்டாம், விழித்திருக்கவும் வேண்டாம். 2023 டிசம்பர் 12-ஆம் தேதி, நிலவைச் சுற்றும் ஓர் அமெரிக்க விண்கலம் மேலேயிருந்து லேசர் ஒளியை அனுப்பிற்று. ஒளி திரும்பி வந்தது. லாந்தர் விழித்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

இந்தக் கட்டுரையும் அப்படி ஒரு கூப்பாடுதான். 37-ஆம் எண்ணுக்குரியவர் இதைப் படிக்க நேர்ந்தால், பரிசு உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தாழ்ப்பாளை மட்டும் போட்டுவிடாதீர்கள்.